ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பிள்ளைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மாதம் ஒரு தடவை வந்துபோன மிட்வைப் மிஸ் சிங்களவர். தமிழை எங்களோடு பேசிப் பேசியே பிடித்துக்கொண்டவர். அதனாலோ என்னவோ, அவர் கேட்கிற கேள்வி வளைவு நெளிவு இல்லாமல் நேராக வந்து விழும். ஒரு கிளினிக் நாளில், மேசை மேல் கிடந்த பிள்ளைகளின் கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“ஏன் அம்மா, இந்தத் தோட்டம் புள்ளைங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும்தானா நடக்கிறது?”

ஆண் பிள்ளைக்கு நீலக் கார்டு, பெண் பிள்ளைக்கு ரோஸ் கார்டு. கழுத்து எப்போது நின்றது, எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்று எழுத அதில் இடம் விட்டிருக்கும். தாய் சொல்லுவாள், மிஸ் எழுதுவார். அன்றைக்கு அவர் சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஞாயிறு. நடுவில் இரண்டு போயா நாள், பௌர்ணமி லீவு. வேலை நாளில் நடந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

“நாங்க வீட்டுல இருக்கிற நாள் அதுதானுங்களே மிஸ்” என்றாள் ஒருத்தி.

“நீங்க வீட்டுல இருக்கிற நாள் புள்ளைக்கு எப்படித் தெரியும்? காலையில பெரட்டுல பேர் கூப்பிடும்போது அதுவும் வந்து நிக்குதா?”

எல்லாரும் சிரித்தோம். மூலையில் பால் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

அந்தக் கோப்பை கழுவியவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்குப் பேர் இருந்தது. சம்பளம் போடுகிற செக்ரோலில் இருந்தது, ரேஷன் காலத்துப் பழைய காகிதங்களில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு ஆயாம்மா, பிள்ளைகளுக்கு ஆயா. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கடைசியில், ரோட்டைப் பார்த்த மாதிரி இருந்த புள்ளக்காம்பராவுக்கு அவர்தான் எல்லாம்; கிளினிக் நடப்பதும் அங்கேதான். நாங்கள் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறுமுன் பிள்ளைகளை அவர் கையில் கொடுப்போம். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்வோம். உத்தரத்திலிருந்து ஏழு சேலைத் தொட்டில் வரிசையாகத் தொங்கும். தரையில் பழைய படங்கு விரித்திருக்கும். ஆயாம்மா குட்டையான உருவம். ஆம்பளை ஸ்வெட்டர் ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டிருப்பார். ஒரு பைக்குள் பிஸ்கட், மறு பைக்குள் மூக்குத் துடைக்கிற துணி. கை மாறிப் போட்டுப் பிஸ்கட்டால் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்த கதையும் உண்டு.

அவருடைய பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலையில் பிள்ளை அழுதுகொண்டு நம் கழுத்தைப் பிடித்துத் தொங்கும்போது, ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டே சொல்லுவார்: “பால் ஒனக்கு, பல்லு ஒனக்கு, அழுகை மட்டும் எனக்கு. குடுத்துட்டுப் போ.” மழைக்காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாகச் சளி பிடிக்கும். அப்போது, “இன்னைக்கு எங்க பேண்ட் வாத்தியம் நல்லா இருக்கு” என்பார்.

ஆனால் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் மட்டும் அந்த வாய் மூடிக்கொள்ளும்.

“இன்னைக்கு என்னா செஞ்சான் ஆயாம்மா?”

“தின்னான், தூங்குனான், இருந்தான்.”

மூத்தவன் பிறந்து, நாற்பத்தைந்து நாள் பிந்தியோ என்னவோ அவனை அங்கே விட்ட நாளிலிருந்து எனக்குக் கிடைத்த சேதி இந்த மூன்றுதான். தின்றது, தூங்கியது, வெளிக்கு இருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, “ஆயாம்மாவுக்கு ஆண்டவன் குடுத்ததே மூணு வார்த்தைதான், அதையும் சிக்கனமா வச்சிருக்காங்க” என்று கிண்டல் பண்ணுவாள்.

நாம் ஏதாவது சேதி கொண்டுபோனால் கதையே வேறு. மூத்தவனுக்குப் பல் முளைத்ததை ஒரு காலையில் பார்த்துவிட்டு, இறக்கத்தில் ஓடிப்போய்ச் சொன்னேன். “எங்க, எங்க” என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தார். விரலை விட்டு மேல் ஈறைத் தடவினார். “இல்லையே.” வலது பக்கம் தடவினார். “எனக்குத் தட்டுப்படலையே புள்ள.” நான் பொறுக்க முடியாமல் அவர் விரலைப் பிடித்துக் கீழ் ஈறில் வைத்தேன். “இங்க ஆயாம்மா.” அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “அடி ஆத்தா, ஆமா. அரிசி மாதிரி இருக்கு. நீ எப்புடிடி பாத்த?” நாள் முழுக்க அந்த வாய்க்குள் கரண்டி விடுகிறவர் அவர். எத்தனை நாளாகவோ அவர் விரலை அவன் கடித்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அது உறைக்கவில்லை. என் பிள்ளையின் பல்லை உலகத்துக்கே நான்தான் காட்டிக்கொடுத்த மாதிரி அன்றைக்கு மலை ஏறினேன்.

அவன் நடந்ததும் அப்படித்தான். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. வீட்டுக் காம்பராவுக்குள் இருந்த சாமான் எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். காலியான தரையில் நாலு அடி வைத்து வந்து வாளியைப் பிடித்தான். எங்கள் லயத்தில் பிள்ளை நடந்தால் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு ரொட்டி சுட்டு எல்லா வீட்டுக்கும் கொடுப்போம். முதல் ரொட்டி ஆயாம்மாவுக்கு. திங்கட்கிழமை அதைக் கையில் வாங்கிக்கொண்டு, வாயில் கை வைத்து, “எப்ப? எங்க வச்சு? யாரப் பாத்து வந்தான்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் கண் பெரிசாகிக்கொண்டே போனது. எனக்குத் தெரிந்து அவ்வளவு நன்றாகக் கதை கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அவர் கேட்டது ஏற்கெனவே பார்த்த கதை என்பது அப்போது தெரியாது.

பேச்சுப் பழக்குவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்து வாசலில் நின்று, மலையில் நிரை பிடித்து நிற்கும் எங்களைக் காட்டி, “அந்தா அம்மா, அந்தா அம்மா” என்பார். தன் பேரைச் சொல்லிக்கொடுக்கவே மாட்டார். அவ்வளவு தூரத்தில் பிள்ளைக்கு ஆள் எங்கே தெரியும், மலைதான் தெரியும். அதனால் எங்கள் பிள்ளைகள் பலருக்கு மலைதான் முதலில் அம்மா. மூத்தவனைக் கூட்டிக்கொண்டு இறம்பொடை கோயிலுக்குப் போனபோது, பஸ் ஜன்னலில் தேயிலை மலை வரும்போதெல்லாம் “அம்மா, அம்மா” என்று கையை நீட்டினான். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர், “ஒனக்கு எத்தன அம்மா தம்பி?” என்று அவனையே கேட்டார்.

சின்னவள் வந்தது ஐந்து வருஷம் கழித்து. நடுவில் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இவளை நான் கீழே விட்டதில்லை. பகலெல்லாம் கையில் இல்லாத பிள்ளை. சாயங்காலம் ஆயாம்மாவிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்தால், ரொட்டி தட்டும்போதும் இடுப்பு, தண்ணீர் பிடிக்கும்போதும் இடுப்பு. வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வரும்போது, “அவ இடுப்புலேயே ஒட்டிப் பொறந்தவளா?” என்று கேட்பார். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து மாதம் ஆயிற்று, நடக்கவில்லை. பதினாறு, பதினேழு. அவள் பிறந்த சமயத்தில் பிறந்த பிள்ளைகள் வாசல் இஸ்தோப்பில் ஓடித் திரிந்தன. பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். ஒருத்தி காலைப் பிடித்துப் பார்த்து, “மெலிஞ்சு கெடக்கே” என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். தேய்த்து முடித்து, கால் வலிக்குமே என்று மறுபடி தூக்கி வைத்துக்கொண்டேன். பயம் கூடக் கூட அவளை இறக்குவது குறைந்தது.

ஆயாம்மாவிடம் கேட்டேன். “இங்கயாவது எந்திரிச்சு நிக்கிறாளா ஆயாம்மா? மறைக்காமச் சொல்லுங்க.”

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தின்னா, தூங்குனா, இருந்தா.”

மிஸ் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி கேட்டுச் சிரிக்க வைத்தாரே, அது ஒரு வெள்ளிக்கிழமை. அந்தச் சிரிப்பு அடங்குமுன் என் முறை வந்தது. ரோஸ் கார்டை விரித்தார். “பதினெட்டு மாசம். நடக்கிறதா?”

“இல்லைங்க மிஸ்.”

அவளை வாங்கித் தரையில் நிறுத்தப் பார்த்தார். அத்தனை பேரைக் கண்டு அவள் காலை மடக்கிக்கொண்டு கத்தினாள். மிஸ் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. “பயப்பட வேண்டாம். டொக்டர் ஒருக்கா பாத்தா நல்லது” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூலையில் கோப்பைச் சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆயாம்மா என் மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனி, ஞாயிறு, திங்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய வார்த்தை எழுதத் தெரியாது. அந்தச் சீட்டை மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு இறங்கினேன். புள்ளக்காம்பரா வாசலில் ஆயாம்மா நின்றார். உள்ளே பிள்ளைகளை உதவிக்கு வருகிறவளிடம் விட்டிருந்தார் போல. ரோட்டுக்கே வந்துவிட்டார்.

“அவள எறக்கு” என்றார்.

“பஸ் வந்துரும் ஆயாம்மா.”

“வரட்டும். எறக்கு.”

“தரையெல்லாம் பனி. கால் சில்லுன்னு…”

“எறக்குடின்னா.”

அவர் என்னிடம் அப்படி அதட்டிப் பேசியதே இல்லை. இறக்கினேன். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயாம்மா நாலு எட்டு தள்ளிக் குந்தி உட்கார்ந்து, ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டார். அந்தக் கை பைக்குள் போகிற அழகு என் மகளுக்குத் தெரிந்திருந்தது. சேலையை விட்டாள். வைத்தாள் ஒரு அடி. நிதானமாக, ஏதோ தினம் போகிற வழியில் போகிறவள் மாதிரி இன்னொன்று.

என் மகள் நடக்கிறாள். அதே நேரம் நெஞ்சுக்குள் ஒன்று குத்தியது. அவள் என் கையை விட்டு, இன்னொருத்தரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்தக் குத்தல் ஆயாம்மாவுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்தார். அந்த வயதில் அந்த உடம்பை வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றி ஓடிவந்து, என் முதுகுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். என் தோளுக்கு மேலாகப் பிஸ்கட்டை மட்டும் நீட்டினார். “ஒக்காரு, நீயும் ஒக்காரு” என்று என் காதில் சொன்னார். உட்கார்ந்தேன். மகள் நின்று, ஆயா எங்கே என்று பார்த்தாள். பிஸ்கட்டைக் கண்டாள். திரும்பினாள். மூன்று அடி. வந்து என் மடியில் விழுந்தாள்.

பஸ் வந்து ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. நான் ஏறவில்லை.

“எத்தன நாளா?” என்று கேட்டேன், திரும்பாமல்.

“மூணு வாரம் இருக்கும்.”

“மூணு கெழமையா நான் எண்ணெய் தேச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். வெள்ளிக்கெழம மிஸ் சீட்டு எழுதுறப்பவும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” குரலில் சாக்குப்போக்கு இல்லை. “ஞாயிறு வந்தா ஒன்கிட்ட நடந்துருவான்னு நெனச்சேன். எல்லாப் புள்ளையும் அப்புடித்தான் நடந்துச்சு. இவ தொட்டில் சேலையப் புடிச்சுப் புடிச்சு, ஏழு தொட்டிலும் தாண்டி, பொறகு கைய விட்டா. ஒன்கிட்டயும் நடப்பா நடப்பான்னு பாத்தேன். நீதான் எறக்கவே இல்லையே புள்ள.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏறியதற்குக் காரணம், கடைசியில் சொன்னது உண்மையாக இருந்ததுதான். “என் புள்ளையப் பத்தி எனக்குச் சொல்ல ஒங்களுக்கு என்னா தடை?” என்று கேட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். பாதி வழியில் நின்று, அவளை இறக்கிவிட்டேன். இரண்டு பேருமாக நடந்து வீட்டுக்குப் போனோம். பத்து நிமிஷத்து ஏற்றத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஒரு வாரம் ஆயாம்மாவோடு பேசவில்லை. பிள்ளையைக் கொடுப்பேன், வாங்குவேன். ரொட்டியும் சுடவில்லை. அவரும் வந்து சமாதானம் பேசவில்லை. எட்டாவது நாளோ என்னவோ, பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார்.

“எம்மவன் நடந்தப்ப நானும் மலையில கொழுந்து எடுத்தேன், இங்க வேற ஆயா இருந்தாங்க. நல்ல மனுசிதான். சந்தோசத்துல கொழுந்து நிறுக்கிற எடத்துக்கே ஓடியாந்து, ‘ஏய், ஒன் மவன் நடந்துட்டான்டி’ன்னு கத்துனாங்க. கணக்கப்புள்ள சிரிச்சாரு, கங்காணி சிரிச்சாரு, நூறு பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எம்புள்ள நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச பொறகு வீட்டுக்குப் போயி நான் பாத்தேன்.” மூக்குத் துடைக்கிற துணியை எடுத்து என் மகளின் மூக்கைத் துடைத்தார். “அன்னைக்கு மிஸ் முன்னால, அத்தன பேரு இருக்கையில, நான் எப்புடிடி சொல்லுவேன்?”

நான் மகளை வாங்கிக் கீழே இறக்கிவிட்டேன். பதில் இருந்தது, ஒரு தாய் மூன்று வாரம் பயந்து கிடப்பதைவிட நூறு பேர் சிரிப்பது பெரிசா என்று கேட்டிருக்கலாம். அவருக்கும் அது தெரிந்திருந்தது. எப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த வாரத்திலிருந்துதான் அவரிடம் நாலாவது வார்த்தை ஒன்று முளைத்தது.

முதலில் அதைக் கேட்டவள் மேல் லயத்து ஒருத்தி. “தின்னான், தூங்குனான், இருந்தான். இன்னைக்குச் சாயங்காலம் எறக்கி விடு.” ஏன் என்று கேட்டதற்கு, “இடுப்புக்கு நல்லது” என்றாராம். அவள் அன்றைக்கே இறக்கிவிட்டாள்; பிள்ளை நடந்தான். அது ஒரு புதன்கிழமை. மறு வாரம் இன்னொருத்திக்கு: “இன்னைக்கு வீட்டக் கூட்டி எடம் பண்ணி வையி.” அது வெள்ளி. யாருக்கும் விஷயம் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கிளினிக் வந்தது. மகள் மிஸ்ஸின் மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, காலண்டரைப் பிடித்து இழுத்தாள். மிஸ் அவள் காலை நீட்டி மடக்கிப் பார்த்து, அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டார். பிறகு மற்றக் கார்டுகளைப் பார்த்தவர், “அனே, இந்த மாசம் புதன்கிழமை ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு. இப்ப ஒங்க புள்ளைங்க வேலை நாளும் நடக்கிறாங்க” என்றார். கடைசியாக ரோஸ் கார்டில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இவள்? எந்த நாள்?”

மூலையில் கோப்பைச் சத்தம் நின்றது. எனக்குத் தெரிந்த நாள் ஒன்று, அவருக்குத் தெரிந்த நாள் ஒன்று. என் செவ்வாய்க்கு மூன்று வாரம் முந்திய அந்த நாளை நான் அவரிடம் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

“செவ்வாய்க்கெழமைங்க மிஸ்” என்றேன். “ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீங்களே, அதே செவ்வாய்.”

மிஸ் எழுதினார். நான் பையைத் திறந்து, பேப்பரில் சுற்றி வைத்திருந்த சீனி ரொட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன்.

“ஆயாம்மா, எம்மக நடந்துட்டா.”

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயில் கை வைத்தார்.

“எப்ப?”

“செவ்வாய்க்கெழம காலையில.”

“எங்க வச்சு?”

“ரோட்டோரத்துல. பஸ்ஸுக்கு நிக்கையில.”

“யாரப் பாத்து வந்தா?”

“என்னையப் பாத்துத்தான்.”

கண் பெரிசாகிக்கொண்டே போனது, மூத்தவன் நடந்தபோது ஆன மாதிரியே. “அடி ஆத்தா. பக்கத்துல வேற யாரு பாத்தா?”

“யாரும் இல்ல ஆயாம்மா” என்றேன். “நான் மட்டுந்தான்.”

அவர் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, கோப்பை கழுவத் திரும்பினார்.